கற்பூரத் தட்டும் இரண்டு பெட்ரோல் கேன்களும்

என் மகள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள். வார நாட்களில் நாவலூரில் அலுவலகம். விடுமுறை நாட்களில் பந்தயத் தடம். மழைக்காலம் நெருங்கிப் போட்டிகள் ஓய்ந்ததும், மிஞ்சிய பந்தய பெட்ரோலை இரண்டு உலோகக் கேன்களில் திருக்கழுக்குன்றத்திலிருக்கும் என்னிடம் கொண்டுவந்தாள். அவள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அதை வைக்க அனுமதியில்லை.

எங்கள் தோட்டத்துக் கோடியில் பயனற்றுக் கிடந்த பம்பு செட் அறையைத் தேர்ந்தாள். மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட அறை. கம்பி ஜன்னல் வழியே காற்று நன்றாக வரும். ஒவ்வொரு கேனிலும் தேதி எழுதிய தாளை ஒட்டினாள்.

"மூடியத் திறக்கவே கூடாதுப்பா. காத்து பட்டா வீணாப் போயிடும்."

"அப்போ விளிம்பு வரைக்கும் ரொப்பியிருக்கலாமேம்மா? உள்ள காத்துக்கு இடம் விட்டிருக்கியே?"

"சூட்டுல விரியும்ல? அதுக்கு இடம் வேணும்."

காற்று ஆகாது, காற்றுக்கு இடமும் வேண்டும். விளங்கியவன் போலத் தலையசைத்தேன். அருகில் நெருப்பு கூடாது என்று அவள் சொன்னது ஒன்றே ஐயமின்றிப் புரிந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை முதல் என் வீட்டில் அவள் நிறுத்தியிருந்த பந்தய வண்டி வரை அனைத்தையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். அத்தனை வேகத்தில் என் பெண்ணைச் சுமந்து செல்வது அந்த எரிபொருள்தானே. அதை மட்டும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கேன்களையும் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தேன். மூடியின் மரைகளில் படிந்த தூசியைப் போக்க இரண்டையும் கழற்றினேன். திரும்ப எவ்வளவு இறுக்கினேன் என்பது இன்றளவும் நினைவில்லை.

மாலையில் வீட்டில் ஆரத்தி முடிந்ததும், எரியும் கற்பூரத் தட்டோடு தோட்டத்தில் நடந்தேன். சாம்பிராணிப் புகை நாசியை நிறைத்திருந்தது. வேறு வாசனை எதுவும் தெரியவில்லை. உதடுகள் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தன. கையில் இருப்பது நெருப்பு என்னும் எண்ணமே எனக்கு எழவில்லை. அது ஆராதனை, அடுப்பும் தீக்குச்சியும் அல்லவா நெருப்பு!

அறைக்குப் பத்தடி இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல். மகளின் வண்டியைப் பராமரிக்கும் மெக்கானிக். பொரி வாங்கிப்போக வந்தவர்.

"ஐயா! அங்கியே நில்லுங்க! இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"பூஜைப்பா. கேனுக்கும் காட்டிட்டு…"

"பெட்ரோலுக்குக் கற்பூரம் காட்னா சாமியே நேர்ல வந்து உங்கள இட்டுக்கினு பூடும்! நாத்தம் இங்க வரைக்கும் வருது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாம தரையோட ஊர்ந்துகினு வரும். மொதல்ல அத்த ஊதி அணைங்க!"

ஊதுவதா? ஆராதனைச் சுடரை வாயால் ஊதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லை. அணைக்கவும் முடியாமல், முன்னே செல்லவும் முடியாமல் நின்றேன். காணப்படாமல் எங்கும் நிறைந்திருக்கும் ஒன்றை வாழ்நாளெல்லாம் பாடியவன், காணப்படாமல் காலடிக்கு வரும் இன்னொன்றுக்கு அஞ்சினேன். இரண்டு பயமும் ஒன்றோடொன்று கலந்து, எது எதற்கென்று பிரிக்க இயலவில்லை.

"ஊத மாட்டீங்களா? செரி, திரும்புங்க. வூட்டு வாசலுக்கு நடங்க. ஓடாதீங்க."

நடந்தேன். தெருவாசலில் தட்டை வைத்தேன். சுடர் தானாகவே அடங்கும் வரை மெக்கானிக் அதன் அருகில் கைகட்டி நின்றார். பிறகு போய் மூடிகளை இறுக்கிவிட்டு வந்தார்.

மகளைத் தொலைபேசியில் அழைத்து எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எந்தக் கேனத் திறந்தீங்க?"

"ரெண்டையும்."

"தேதிச் சீட்டு?"

"ஈரத்துணியோட வந்துடுச்சும்மா."

"நான் வளைவுல சாஞ்சு ஓட்டறதவிட உங்ககிட்ட பெட்ரோல் வைக்கறதுதான்பா பெரிய ஆபத்து."

மறுநாள் வந்தாள். கேன்களைச் சோதித்து, பந்தயத்துக்கு இனி இது ஆகாது, முறையாக அகற்றும் வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள். அறைக்குப் புதுப் பூட்டு போட்டாள். சாவியை எடுத்துப் போய்விடுவாள் என்றிருந்தேன்; என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தினம் வெளியிலேருந்து வாசனை வருதான்னு பாருங்க. வெறுங்கையோட போங்க."

தெருவாசலில் எரிந்த அந்தக் கற்பூரம் அவளுக்கான வேண்டுதலாகக் கணக்கில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சாவியை ஏன் என்னிடமே கொடுத்தாள் என்பதும் விளங்கவில்லை. காலையில் வெறுங்கையோடு போகிறேன், மோந்து பார்க்கிறேன், திரும்புகிறேன்.