பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

நான் வேலை செய்யும் கம்பனிக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்கிற எவர்மீதும் அதற்கு நம்பிக்கை கிடையாது. லப்டொப்பைத் திறந்து வேலையைத் தொடங்கினால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கமரா தானாகவே படம் எடுத்துச் சேமித்துக்கொள்ளும். நான் கதிரையில் இருக்கிறேனா, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறேனா என்று பார்ப்பதற்கு. தொடக்கத்தில் நானும் முகம் கழுவி, தலை வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல வந்து உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கமரா இருப்பதே மறந்துபோனது.

வேலையும் படம் பார்க்கிற வேலைதான். ஏதோ வெளிநாட்டுத் தெருக்களின் படங்கள் வரும். அவற்றிலுள்ள வாகனம், சைக்கிள், நாய், மனிதர் ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைய வேண்டும். சாரதி இல்லாமல் ஓடப்போகிற கார்களுக்கு ஆட்களை அடையாளம் காணப் பழக்குகிறார்களாம். கம்பத்துக்குப் பின்னால் அரைக்கால் தெரிந்தாலும் நான் ஆளைப் பிடித்துவிடுவேன். எங்கள் குழுவில் என்னளவுக்குக் கூர்மை எவருக்கும் இல்லை என்று மேலாளரே ஒருநாள் கூட்டத்தில் சொன்னார். அதை ஊரில் சொல்லாத வீடு இல்லை.

எங்கள் வீடு நாயாற்றுப் பக்கம். அம்மா இறந்தபின் நானும் அப்பாவும்தான். முன் அறையில், கடல் பார்த்த யன்னலடியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் மேசையை யன்னலோடு ஒட்டிப் போட்டேன். மிச்ச வீடு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே, கூட்டம் நடக்கும்போது அப்பா குசினியிலிருந்து, "பிள்ளை, உப்புப் போத்தலை எங்க வைச்சனி?" என்று சத்தமாகக் கேட்டார். கூட்டத்திலிருந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. ஹெட்செற்றைக் கழற்றியதும் அவர்மேல் ஏறி விழுந்தேன். "இது என்ர தலையில இருந்தா நான் வீட்டில இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "ஓம் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு என் வேலை நேரத்தில் ஒரு சொல் பேசவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையை என் முழங்கையடியில் வைப்பார், மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார், போய்விடுவார். நல்லாய்த் திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

சென்ற வருடம் ஒரு பல்கலைக்கழக மாணவி போனில் பேசினாள். வீட்டிலிருந்து வேலை செய்யும் வன்னிப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறாளாம். மேசை எப்படி, கதிரை எப்படி, வெளிச்சம் போதுமா, முதுகு வலி உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், "அக்கா, வீட்டில இருந்து வேலை செய்யிறதில பெரிய நன்மையெண்டு எதைச் சொல்லுவீங்கள்?" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "அப்பாவைப் பக்கத்தில இருந்து பாக்கிறன் தங்கச்சி. கொழும்பில போய் இருக்கிற பிள்ளையளுக்கு இது கிடைக்குமோ? நான் உழைக்கத் தொடங்கின பிறகு அவரைக் கடலுக்கும் விடேல்லை. இருந்து சாப்பிடட்டும்."

அவரை நான் நிறுத்தவில்லை. அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன் அவராகவேதான் ஒருநாள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, "நீ உழைக்கிறாய்தானே, இனி எனக்கென்ன கடல்" என்றார். அதை என் சாதனையாக்கிச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். கடைசியாக, ஒருநாள் முழுவதும் நான் வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது என்று காட்டும் படங்கள் சில தரமுடியுமா என்று கேட்டாள். அதற்கென்ன, கம்பனிதான் பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறதே என்று சொல்லிவிட்டு, ஹெட்செற்றைக்கூடக் கழற்றாமல் என் கணக்கில் கிடந்த படங்களைத் திறந்தேன்.

முதலில் என்னைத்தான் பார்த்தேன். கொட்டாவி விடும் நான், நகம் கடிக்கும் நான், வாயில் பேனையுடன் நான். எனக்கே சிரிப்பு வந்தது. இதில் எதை அனுப்புவது என்று தேடிக்கொண்டு போகையில், ஒரு படத்தில் எனக்குப் பின்னால் அப்பா நின்றார். சின்ன மேசையில் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சுட்டுவிரல் கோப்பைக்குள் இருந்தது.

"சீ, இந்த மனுசன்!" என்று வாய்விட்டே சொன்னேன். இதையா நான் தினமும் குடிக்கிறேன்? கையும் களவுமாகப் பிடித்து ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று அடுத்த நாட்களின் படங்களையும் தேடினேன். அவர் ஊற்றுகிற படங்களில் விரல் இல்லாத படமே இல்லை. தேத்தண்ணி விரலைத் தொட்டதும் நிறுத்துகிறார். பிளாஸ்கைப் பார்க்கவில்லை. கோப்பையையும் பார்க்கவில்லை. எதையுமே பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றுகிறார்.

படத்தைப் பெரிதாக்கி அவருடைய கண்களைப் பார்த்தேன்.

மற்றப் படங்களைப் பார்த்தேன். ஒன்றில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார். ஒன்றில் கதிரையை இரண்டு கையாலும் தேடிப்பிடித்து உட்காருகிறார். ஒன்றில் மாதா படத்தடியில், மெழுகுதிரிக்கு ஒரு சாண் தள்ளி நெருப்புக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாதம் மாதமாகப் பின்னால் போனேன். முன்பெல்லாம் அறையின் நடுவால் நடந்திருக்கிறார். பிறகு மெல்ல மெல்லச் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறார். சுவரில் அவர் கை முதன்முதலாகப் பட்டிருந்தது, வலையைச் சுருட்டி வைத்த அதே மாதம்.

இன்னொரு படம். எனக்குச் சரியாகப் பின்னால் அப்பா நிற்கிறார். வலது கை என் கதிரையை நோக்கி நீண்டிருக்கிறது. தொடவில்லை. ஏதோ சொல்ல வந்தவரின் முகம். பத்து நிமிடம் கழித்து எடுத்த அடுத்த படத்திலும் அதே இடத்தில் நிற்கிறார். அதற்கு அடுத்த படத்தில் இல்லை. மூன்று படத்திலும் நான் ஹெட்செற்றுடன், எங்கோ ஒரு நாட்டில் வீதியைக் கடக்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெட்செற்றைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். அப்பா வாசலடிக் கதிரையில் என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் சத்தமில்லாமல் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பட்டப்பகல், இடையில் நாலு முழம் தூரம்கூட இல்லை.

"வேலை முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார். ஹெட்செற்றை மேசையில் வைத்த சத்தம் கேட்டிருக்கிறது.

"எப்ப இருந்தப்பா?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "களப்பில ஒருத்தன்ர வலைக்கு மேலால வள்ளத்தை விட்டிட்டன். வலையின்ர மிதப்புக் கட்டை ஒண்டும் கண்ணுக்குத் தெரியேல்லை. அவன் பேசின பேச்சு... அண்டையோட தொழிலை விட்டனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீ வேலையில இருந்தாய்."

"வேலை முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாம்தானே!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் முந்தி வந்தது.

"முடிச்சுப்போட்டு நீ கண்ணைக் கசக்கிக்கொண்டெல்லோ எழும்புவாய். கண் நோகுது, கண் நோகுதெண்டு சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த மாணவிக்கு நான் படம் அனுப்பவில்லை. அன்றே போன் எடுத்து, அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்று சொன்னதை வெட்டிவிடச் சொன்னேன். "ஏனக்கா, நல்ல பதில்தானே?" என்றாள். "வெட்டிவிடுங்கோ தங்கச்சி" என்று போனை வைத்தேன்.

மறுநாள் விடியவே அவரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கண் டொக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டதாம். வலியில்லாமல் வரும் வியாதியாம். போன பார்வை போனதுதான், இருக்கிற கொஞ்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். "ஒரு வருசம் முந்திக் கொண்டு வந்திருந்தால்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், ஒரு மனிதன் குருடாகிக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை என்பதை என் மண்டை ஏற்றுக்கொள்ள மறுத்தது.

டொக்டர் என்னை அழைத்து அப்பாவுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நிறுத்தினார்.

"ஐயா, மகள் முன்னுக்கு நிக்கிறா. முகம் தெரியுதோ?"

அப்பா தலையை இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தார்.

"முகம் பிடிபடேல்லை டொக்டர்" என்றார். பிறகு, டொக்டர் தன்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோல அவசரமாகச் சொன்னார். "திரும்பி நிண்டாளெண்டாச் சொல்லிப்போடுவன். பார்வை இருக்கேக்க நான் கடைசியாய் வடிவாப் பாத்தது பிள்ளையின்ர முதுகைத்தான்."

டொக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.