பூங்காவனம் பார்த்து எடுத்த தள்ளுவண்டி

பதினோரு வருஷம் தலையில் சிமெண்டுச் சட்டி சுமந்தவளுக்கு, பாரம் எங்கே உட்காரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாக்காவின் காஜா பேராங் பக்கம் கட்டட வேலைக்குப் போன பூங்காவனம் அப்படிப்பட்டவள். புருஷன் ரப்பர்த் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளோடு மலாக்கா டவுனுக்கு வந்து, சும்மாட்டை நம்பியே அவர்களை வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயும் இல்லாவிட்டால் அவளை ஏறி மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம் அது. சுதந்திர நாளுக்குள் பள்ளிக்கூடக் கட்டடத்தை முடித்தாக வேண்டும் என்று சீன முதலாளியான காண்ட்ராக்டர் தவுக்கே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பறந்தார். சட்டி சுமந்தவர்கள் இரண்டே பேர்: பூங்காவனமும், அவளைவிடப் பத்து வயது சின்னவளான அலமேலுவும். அலமேலுவின் புருஷன் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஒரு நாள், ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலாயுதம் வந்து சொன்னார்: "தவுக்கே ஒத்தச்சக்கர வண்டி வாங்கப்போறாரு. தள்ள ஒரு ஆம்பள போதும். திங்கக்கெழமையிலேருந்து ஒங்க ரெண்டு பேருக்கும் வேல இல்ல."

அலமேலு அழுதுவிட்டாள். பூங்காவனம் அழவில்லை.

"நான் தள்றேன் மண்டோரே. பொம்பளக் கூலியே குடுங்க. ஆனா வண்டிய நான்தான் பாத்து எடுப்பேன்."

அலமேலுவை அந்த நேரத்தில் அவள் நினைக்கவில்லை. தனக்கு மிஞ்சித்தானே தான தருமம்.

கூலி மிச்சம் என்றதும் தவுக்கே தலையாட்டினார். இரும்புச் சாமான் கடையில் மண்டோருக்குப் பிடித்தது, பச்சைப் பெயிண்ட் பளபளத்த பெரிய வண்டி.

"பளபளப்பு சோறு போடுமா? சக்கரம் எவ்ளோ முன்னால தள்ளி நிக்குது பாருங்க. பாரம் பூரா கையில விழும்," என்றாள். அதன் காலை ஓர் உதை விட்டாள், கால் ஆடியது. மூலையில் கிடந்த கறுப்பு வண்டியை இழுத்து வந்தாள். சக்கரம் தொட்டிக்கு அடியிலேயே ஒடுங்கியிருந்தது, தகரம் கனம், கால்களுக்குக் குறுக்கே பட்டை அடித்திருந்தது. அதில் ஆணிப் பெட்டிகளை ஏற்றச் சொன்னதும் சீனக் கடைக்காரர், "ரோசாக்! ரோசாக்!" என்று, வண்டி உடைந்துவிடும் என மலாயில் பதறினார்.

"ரோசாக் ஆவறதுன்னா இங்கயே ஆவட்டும், அங்க வந்து ஆவ வேணாம்," என்றவள் கடையை ஒரு சுற்றுத் தள்ளிக் காட்டினாள். வண்டி சொன்னபடி கேட்டது.

திங்கட்கிழமை தவுக்கேயே பார்க்க வந்து நின்றார். தரையிலிருந்து மேடைக்குப் பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். தொட்டி நிறையக் கலவை. பூங்காவனம் தள்ளினாள். பாதிச் சரிவு வரை ஒரு சொட்டுச் சிந்தவில்லை, மூச்சும் வாங்கவில்லை. மீதியும் ஏறிவிடுவாள், அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தாள். பாக்கிக் கூலி வாங்க வந்த அலமேலு, தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பொறாமை இல்லை அந்த முகத்தில். அக்கா ஏறிவிட வேண்டுமே என்ற தவிப்புதான் இருந்தது. 

பூங்காவனம் கைகளைத் தளர்த்தினாள். வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்தது.

"முடியல தவுக்கே. முன்னால கயிறு கட்டி இழுக்க ஒரு ஆள் வேணும். ரெண்டு பொம்பளக் கூலி, ஒரு ஆம்பளக் கூலிதானே ஆவும்?"

மண்டோர் விழுந்து விழுந்து சிரித்தார். "கடையில என்னா பேச்சு பேசுன!" கொத்தனார்களும் சேர்ந்துகொண்டார்கள். வாழ்நாளில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். தவுக்கே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "போலே," என்று சம்மதித்தார்.

அலமேலு ஓடி வந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

"வயசாவுதுல்ல அக்கா ஒங்களுக்கு. நீங்க சும்மா புடிச்சிக்கிட்டு வாங்க, போதும். நான் இழுத்துக்கிறேன்."

"சரிடி," என்றாள் பூங்காவனம்.