சமதரையில் மலை ஏறியவர்

புதன்கிழமை காலை ஆறு நாற்பது. வேணு அண்ணன் எண்ணிலிருந்து மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தவர் அவர் மனைவி ஜெயா அண்ணி. "அவரு போயிட்டாரு தம்பி. நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினுதான் வந்தாரு."

அறியாதவர்களுக்காக: வேணுகோபால் செஞ்சிக்காரர். சிறுவயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிப்போயிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே வேலையில் இருந்தோம். கையில் கட்டிய வாட்சும் பையிலுள்ள போனும் உணரும் அசைவை வைத்து, ஒருவர் நடக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, படியேறுகிறாரா என்று கணினி தானாகச் சொல்ல வேண்டும். அதைப் பழக்கப் பலருடைய அசைவுகள் தேவை. ஆள் பிடித்து வாட்ச் கட்டி வீடியோ எடுப்பது அவர் பொறுப்பு. புரோகிராம் என் பொறுப்பு.

முதலில் செஞ்சியை அடுத்த வல்லத்துப் பக்கம் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் பெண்களுக்கு வாட்ச் கட்டிவிட்டோம். மாலையில் பார்த்தால், அத்தனை பேரும் பகலெல்லாம் உட்கார்ந்திருந்ததாகப் பதிவு. மண் பட்டால் கெட்டுவிடுமென்று எல்லாவற்றையும் கழற்றி, மரத்தடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். நான் கத்தினேன். அண்ணன் சிரித்தார்.

"இன்னாத்துக்கு கத்துற? எவ்ளோ பத்திரமா வெச்சிருக்காங்க பாரு. நாளைக்கி நானே கூட நிக்கிறேன்."

நின்றார். வெயிலில், நாள் முழுக்க.

பிறகு செஞ்சிக் கோட்டைப் படிகளில் ஆட்களை ஏறவிட்டுப் பதிவு எடுத்தோம். கீழே காத்திருந்த நேரத்தில் அண்ணன் வாட்சைத் தானே கட்டிக்கொண்டு சமதரையில் நடந்து பார்த்தார். கணினி ‘படியேறுதல்’ என்றது.

"பார்றா, மலை ஏறுறேன்னு சொல்லுது. பொய் இல்ல, எனக்கு அப்டித்தான் இருக்குது." சிரித்து முடித்தபின் சொன்னார்: "ஆனா ஒரு நாளு நான் நடக்குறேன்னு அது சொல்லணும்டா."

அண்ணன் நடந்ததை ‘நடத்தல்’ என்று பெயரிட்டுச் சேர்த்தேன். சென்னையிலிருந்த தலைமை அலுவலகம் அந்தப் பதிவை ஒதுக்கச் சொன்னது. வழக்கத்துக்கு மாறான நடையாம். சேர்த்தே ஆகவேண்டும் என்று மீண்டும் மீண்டும் எழுதினேன். பதில் இல்லை. வாராவாரம் அண்ணன் கேட்பார்.

"இன்னா, நடந்தனா?"

"இல்லண்ணே, இன்னும் ஏறிக்கினுதான் இருக்கீங்க."

"மேல போய்ச் சேந்தா சொல்லு."

காரியம் முடிந்தபின் அண்ணியிடம் கேட்டேன், அண்ணனின் பதிவை அழித்துவிடவா என்று. குடும்பம் சொன்னால் அழித்தாக வேண்டும்.

"அழிச்சிடாத தம்பி. வூட்ல இருக்குற போட்டோ எல்லாத்துலயும் உக்காந்துகினுதான் இருக்காரு. நிக்கச் சொன்னாகூட வெக்கப்படுவாரு. அவரு நடந்தது அது ஒண்ணுலதான் இருக்குது."

களைப்பாக இருக்கிறது. நயமாக விடைகொடுக்க எனக்கு வராது, அண்ணே. செய்யப்போவதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

1. உங்கள் பதிவை ‘நடத்தல்’ என்ற பெயரிலேயே திரும்பச் சேர்ப்பேன். இந்த முறை தலைமை அலுவலகத்தைக் கேட்கப்போவதில்லை, சொல்லப்போகிறேன்.

2. ஒருவர் நடை கணினிக்குப் போதாது. தாங்கித் தாங்கி நடப்பவர்கள், கோலூன்றி நடப்பவர்கள் எல்லோரிடமும் வாட்சோடு போவேன். யாராவது கழற்றி வைத்தால் கத்த மாட்டேன். கூட நிற்பேன்.

3. அது சரியாகச் சொல்லும் அன்று ஜெயா அண்ணிக்குப் போன் செய்வேன். "அண்ணன் நடக்குறாரு அண்ணி" என்பேன்.