அந்தோனி களவாகச் சாப்பிடவில்லை

டொக்டர், நீங்கள் அந்தோனியைக் கள்ளன் என்றீர்கள். வார்ட்டில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நேர்ஸ். அந்தோனி குருநகர் மீனவர். வெறும் மேலோடு வெயிலில் தொழில், மூன்று நேரமும் மீன். அப்போது அவருடைய சீனி வருத்தம் குளிசைக்கு அடங்கிக் கிடந்தது. பிறகு சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தது. குண்டுக்குப் பயந்து பகலெல்லாம் பங்கருக்குள். வெயில் இல்லை, மீன் இல்லை, வேலையும் இல்லை. சீனி ஏறியது. காலில் புண்ணோடு வந்து படுத்தார்.

பெனடிக்ற் கரைசலில் சில துளி சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். ஸ்பிரிட் கிடையாது, தேங்காய் எண்ணெய் விளக்குத்தான். கரி பிடித்த குழாயைத் துடைத்துத் துடைத்து நிறம் பார்ப்பேன். நீலம் என்றால் சீனி இல்லை. அவருடையது எப்போதும் செங்கல் நிறம்.

"கள்ளன். மனுசி களவாச் சோறு கொண்டு வாறா. இனி அவவை உள்ளை விடாதேங்கோ," என்றீர்கள்.

"கூப்பன் அரிசியே மட்டுமட்டு, டொக்டர். களவாத் தின்னுறதுக்கும் சாமான் இருக்கவேணுமெல்லே," என்றார் அந்தோனி. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருடைய மனைவி தெரேசா கேற்றுக்கு வெளியே நின்றார். வார்ட்டுச் சாப்பாடு மட்டும்தான். குழாய் அப்போதும் செங்கல் நிறம். நான் வந்து சொன்னேன்.

"உவங்களை உமக்குத் தெரியாது," என்றீர்கள்.

யன்னலை மறித்து மண்மூட்டை அடுக்கியிருந்தது. "மிஸ்ஸி, மேல் மூட்டை ஒண்டை எடுத்துவிடுங்கோ," என்று அந்தோனி கேட்பார்.

"ஷெல் விழுந்தா, அண்ணை?"

"விழட்டும். கடல் தெரியாட்டிலும் காத்து வரும். தெரேசா நிக்கிறாளோ எண்டும் பாப்பன்."

புண் ஆறாமல் காலைக் கழற்றினார்கள். அதன் பிறகும் யன்னல் பக்கமே முகம் வைத்துப் படுத்திருந்தார். ஒரு கிழமையில் செத்துப்போனார். தெரேசாவைப் பிணத்திடம்தான் விட்டீர்கள்.

இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து மேடையில் பேசுகிறீர்கள். வைட்டமின் டி குறைந்தவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லையாம். வெயில் வேண்டுமாம், மீன் வேண்டுமாம். அந்தோனிக்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் உங்களுக்கும் தெரியாது. தெரியாததற்கு யாரும் கோபிக்க முடியாது. தெரியாமலே கள்ளன் என்றீர்களே.

இளம் நேர்ஸ்மாருக்கு நான் சொல்வது இதுதான்: சீனி இறங்காவிட்டால் நோயாளியின் வாயை முதலில் சந்தேகிக்காதீர்கள். அவர் எப்படி வாழ்கிறார் என்று கேளுங்கள்.

டொக்டர், தெரேசா இன்னும் குருநகரில்தான் இருக்கிறார். உங்கள் அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் அவரை இருத்துவேன். மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி அவருக்குச் சொல்லுங்கள்: அந்தோனி களவாகச் சாப்பிட்டாரா?