சீலாசின் இரண்டு கல்லறைகள்

தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் இமெல்டாவின் குடும்பத்தைச் ‘சீலாசு வீட்டார்’ என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு புனிதரின் பெயராக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டில் சண்டைக்குத் தப்பிப் படகேறி இராமேஸ்வரம் போனவள் இமெல்டா. மண்டபம் அகதி முகாமிலேயே கலியாணம் முடித்து, அங்கேயே கணவனையும் புதைத்தாள். சண்டை ஓய்ந்தபின் மகள் பிரஷாந்தியோடு ஊர் திரும்பி, கருவாடு போட்டுப் பிழைத்தாள்.

இறந்தோர் திருநாளுக்காகச் ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் உடைமுள் வெட்டும்போது அவளுடைய கத்தி ஒரு கல்லில் ‘ணங்’ என்று பட்டது. மண்ணைத் தட்டினால் ஆங்கில எழுத்து. பிரஷாந்தி குந்தியிருந்து வாசித்தாள்.

“சைலஸ் ஹட்ச். கப்பல்காரர். நியூ பெட்ஃபோர்ட், அமெரிக்கா. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலிலை செத்திருக்கிறார், அம்மா.”

“சைலஸ்...” இமெல்டா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “எடியே, சீலாசு!” அவளுக்கு மேல் சிலிர்த்தது.

பிரஷாந்தி கல்லைப் படமெடுத்து, அந்த அமெரிக்க ஊர்க்காரரின் முகநூல் பக்கத்தில் போட்டாள். சில வாரங்களில் எடித் என்ற வயதான பெண் அழைத்தாள். சைலஸ் அவளுடைய பாட்டனின் தகப்பனுக்கு அண்ணன். திமிங்கிலம் பிடிக்கிற கப்பலில் போனவன், கப்பல் திரும்பவேயில்லை. கைப்பேசித் திரையில் எடித் ஒரு படம் காட்டினாள். அதிலும் ஒரு கல்லறைக்கல், அதே பெயர்.

“‘கடலிலை மறைந்தார்’ எண்டு எழுதியிருக்காம் அம்மா. உள்ளுக்கை ஒண்டும் இல்லையாம், வெறுங்கல்லாம்.”

இமெல்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு மனிதனுக்கு உலகத்தின் இரண்டு கரையிலும் கல்லறை!

“அவரின்ரை தாய்க்குத் தெரியுமோ, பிள்ளை தப்பினது?”

தெரியாது. அந்த வெறுங்கல்லுக்குப் பக்கத்தில்தான் தாயும் கிடக்கிறாள்.

அன்று பின்னால் வந்த படகில் ஏறிய தம்பி றொஷான் கரை சேராததும், அம்மா முகாம் வாசலையே பார்த்தபடி செத்ததும் இமெல்டாவின் நினைவில் வந்தன.

“அந்தத் தாயிட்டைப் போய்ச் சொல்லச் சொல்லு பிள்ளை.”

எடித் கைப்பேசியில் அழைத்தபடி அந்தக் கல்லறைக்குப் போனாள். இங்கே பொழுதுபடும் நேரம், அங்கே காலை. புல்லெல்லாம் வெண்பனி. சொல்லத் தொடங்கிய எடித்துக்குக் குரல் உடைந்தது. கைப்பேசியைத் தாயின் கல்லுக்கு நேரே பிடித்து, இமெல்டாவையே சொல்லச் சொன்னாள்.

இமெல்டா எழுந்து நின்று, தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.

“அம்மா, உங்கடை பிள்ளை கடலோடை போகேல்லை. எங்கடை கரைக்குத்தான் வந்தவர். இஞ்சை கலியாணம் முடிச்சு, பிள்ளையளைப் பெத்து வாழ்ந்தவர். நான் அவரின்ரை வழியிலை வந்தவள்.”

பிரஷாந்தி மொழிபெயர்க்கவில்லை. என்னவென்று எடித்தும் கேட்கவில்லை.

இரவுப்பனி விழுமுன் அள்ள வேண்டிய கருவாடு அன்று கடற்கரையிலேயே கிடந்தது. இமெல்டா இருட்டும் வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.