அடுத்த ஆள்

பரிபூரணம் வீட்டோடு தங்கி நோயாளி பார்ப்பவள். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, பீ மூத்திரம் அள்ளி, கஞ்சி ஊட்டியே பாதி ஆயுசை ஓட்டிவிட்டாள். கூமாப்பட்டியில் புருஷன் செத்ததும் கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு நோயாளி இருக்கிற வீடுதான் அவளுக்கு வீடு. நோயாளி செத்தால் வீடும் போச்சு. கருமாதி முடிந்த கையோடு பையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அழுதுகொண்டே கொடுத்தவர்களும் உண்டு, பைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

மடவார் வளாகம் பகுதியில் அவள் பார்த்துவந்த பெரியவர் போன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நிழற்குடையில் படுத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் கல்பனா என்கிற பெண் தன் மாமியாரைப் பார்க்கக் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அதுவரைக்கும் எங்கேயாவது தலையைச் சாய்க்க வேண்டும்.

நேரம் சரியில்லை. அந்த இடத்தில்தான் ஒரு டீச்சரின் சங்கிலியை எவனோ பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போயிருந்தான். அறுத்தவன் போய்விட்டான், படுத்திருந்தவர்கள் அகப்பட்டார்கள். கண்டவர்களும் படுப்பதால்தான் திருட்டு என்று ஊரைக் கூட்டியவன், எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சங்கிலிப்பாண்டி.

"ஏம்மா, எந்திரி. இது என்ன ஒங்கப்பன் வீடா?"

"எங்கப்பன் வீடுன்னா உன்ன வாசல்லயே நிறுத்தியிருப்பேன். பஸ்ஸுக்கு உக்காருத எடம், உக்காந்திருக்கேன்."

"நாலு நாளா வராத பஸ்ஸு எந்தப் பஸ்ஸு?"

"சங்கிலி போச்சுன்னு கத்துதியே, உம் பேருலயே ஒண்ணு இருக்கு. மொதல்ல அதக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல காட்டு."

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வினையாகிவிட்டது. சங்கிலிப்பாண்டி உடனே விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டான்.

விக்னேஷ்வரன் செல்போனும் மைக்கும் வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தி போடுகிறவன். "எதுக்கு இங்க கெடக்கிய?" என்று மைக்கை நீட்டினான். பரிபூரணம் தன் தொழில் பேச்சிலேயே பதில் சொன்னாள்.

"போன வாரம் ஒரு ஆள் முடிஞ்சுது. அடுத்த ஆளுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் தொழிலில் நோயாளி என்று யாரும் சொல்வதில்லை, ஆள்தான். அதற்குமேல் அவள் சொன்ன கஞ்சி, படுக்கைப்புண், ராஜபாளையம் எதுவும் வீடியோவில் வரவில்லை. அந்த இரண்டு வாக்கியம் மட்டும் வந்தது. அடியில் சிவப்பு எழுத்தில், 'அடுத்த ஆள் யார்? பேருந்து நிலையத்தில் மர்மப் பெண்!' கிருஷ்ணன்கோவில் போகும் காலேஜ் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக அவளைப் படம் எடுத்தார்கள். டீக்கடைக்காரன் டீ இல்லை என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் போலீஸ் வந்தாள். விசாரித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நோயாளின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதான?"

"கஞ்சி, புண்ணு எல்லாஞ் சொன்னேன். போட்டவன் வெட்டிட்டான்."

"சரி, நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரியுது. சாயங்காலத்துக்குள்ள கெளம்பிரு."

"ஒண்ணும் பண்ணலன்னா எதுக்குக் கெளம்பணும்?"

"கூட்டம் சேருதுல்லா."

கூட்டம் சேர்த்தவனை அந்தப் போலீஸ் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானமே சங்கிலிப்பாண்டி குழாயை இழுத்துவந்து நிழற்குடையைக் கழுவ ஆரம்பித்தான். பரிபூரணம் நனைந்த சேலையோடு ஓரமாக நின்று கல்பனாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வீடியோ ராஜபாளையம் போய்விட்டது என்று புரிந்தது. இந்த வீடும் இல்லை என்றால் இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள்.

சேலை காய்வதற்குள் ஒரு கார் வந்து நின்றது. கல்பனா இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள். ஓட்டிவந்த அவள் கணவன் பாண்டிச்செல்வம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"அந்த வீடியோல இருக்கது நீங்கதான?"

"நான்தான்."

"கொலகாரின்னு பேசிக்கிடுதாங்க."

"கொலகாரியக் கூட்டிட்டுப் போகத்தான் காரு எடுத்துட்டு வந்திருக்கிய."

"வேற வழியில்ல," என்றான் பாண்டிச்செல்வம். "ஏஜென்சில வந்தவ எங்கம்மா புண்ணப் பாத்துட்டுக் காலையில ஓடிட்டா. பீரோ ரூமு பூட்டித்தான் இருக்கும். கேமராவும் மாட்டியிருக்கு."

"மாட்டிக்கோங்க. நான் பீ அள்ளுதது நல்லாத் தெரியும். எனக்கும் ஒரு கண்டிசன் இருக்கு. ஆள் முடிஞ்ச பொறவு, அடுத்த எடம் கெடைக்கிற வரைக்கும் நான் அங்கனதான் இருப்பேன்."

"எங்கம்மா உசுரோட இருக்காவ. இப்பமே சாவப் பேசுதியே."

"நீங்க பேச மாட்டிய. கருமாதி அன்னைக்குப் பையத் தூக்கிக் குடுப்பிய. அதான் நான் பேசுதேன்."

அவன் வண்டியைக் கிளப்பினான். பரிபூரணம் நகரவில்லை. கல்பனா அவன் கையைப் பிடித்தாள்.

"சரி, ஏறுங்க."

"அவியளும் சொல்லணும். அவிய அம்மா வீடு."

"சரி, ஏறித் தொலை," என்றான் அவன்.

பரிபூரணம் பின்சீட்டில் ஏறி, சேலையைப் பிழிந்து தண்ணீரை வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"புண்ணு எங்கன? இடுப்புலயா, குதிங்கால்லயா?" என்று கேட்டாள்.