எல்லப்பனுக்கு ஒரு கட்டம்

பிழை கண்டுபிடிப்பதில் அருள்செல்வியை மிஞ்ச குருபரப்பள்ளியில் ஆளில்லை. ஓசூர்க் கம்பெனியில் ஒன்பது வருஷம் போல்ட்டுகளை இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வருவது நின்ற பிறகு, மாந்தோப்புக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹைவே ஓரத்து ஷெட்டில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கடை. அதன் வெப்சைட்டைச் செய்துகொடுத்த பெங்களூர்க்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. அதனால் வீடியோ பார்த்துப் பார்த்து, தட்டுத்தடுமாறி, புரோகிராம் எழுதும் உள்வேலையையும் அவளே கற்றுக்கொண்டாள்.

கடையின் அட்மின் பக்கத்தில் தோட்டக்காரர் பெயரும் பறிக்கும் தேதியும் எழுத ஐந்தே கட்டங்கள். அங்கே எழுதுகிற பெயர்தான் பழப்பெட்டியின் மேல் அச்சாகும். ஆரம்பத்தில் ஐந்து பேர், சரியாக இருந்தது. இந்தச் சீசனில் ஆறாவதாக எல்லப்பன் வந்தார். கட்டம் இல்லை. பந்தியில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிற ஊர் அல்லவா, "நம்ம கோவிந்தப்பன் பேர்லயே ஏத்திடலாம்" என்றார்கள். அந்த ஐவரில் ஒருவரான கோவிந்தப்பனும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

வினை அங்கேதான் பிடித்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா எழுதினார்: கோவிந்தப்பன் தோட்டத்துச் செந்தூரா மாம்பழத்தைப் போல ஜென்மத்தில் சாப்பிட்டதில்லையாம். அந்தப் பெட்டி எல்லப்பனுடையது. ஷெட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அருள்செல்வி அதைப் படித்துக் காட்டியபோது எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரத்துல இருந்து பழத்த ஜூஸ் பேக்டரிக்கே ஏத்திர்றம்மா. அங்க யாரு பேரும் கேக்க மாட்டாங்க. ரோசமும் வராது."

"திங்கக்கிழம வரைக்கும் பொறுங்கண்ணா," என்றாள் அருள்செல்வி. வாய் சொல்லிவிட்டது. கைக்கு அது வருமா என்பது வேறு விஷயம்.

ஆறாவதாக ஒரு கட்டம் சேர்ப்பது சுலபம். ஏழாவது ஆள் வந்தால் என்ன செய்வது? பட்டனை அமுக்க அமுக்கப் புதுக் கட்டம் முளைக்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். சனிக்கிழமை மத்தியானம் முளைத்துவிட்டது. ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த கை சும்மா இருக்குமா? நடுவில் ஒரு தோட்டத்தை நீக்கிப் பார்த்தாள். கீழே இருந்தவர்கள் ஒருபடி மேலே ஏற, அவர்களுக்கு வந்திருந்த ஆர்டர்களெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டன. மறுபடியும் ஒருவர் பழத்துக்கு இன்னொருவர் பேர்.

வரிசையை நம்பினால் ஆகாது என்று புரிந்தது. ரேஷன் கார்டுக்கு இருப்பது போல ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்து, சேர்த்தும் நீக்கியும் நாற்பது தடவை பார்த்தாள். ஒரு ஆர்டர்கூட இடம் மாறவில்லை. எழுதியது நூறு வரிகூட இருக்காது. இடமில்லை என்று இனி யாரையும் திருப்பியனுப்ப முடியாத ஒரு பக்கத்தை நாமா செய்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை எல்லப்பன் வந்தார். "நீங்களே அமுக்குங்கண்ணா" என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அமுக்கினார். வெறுங்கட்டம் ஒன்று வந்து நின்றது. ஒற்றை விரலால் தன் பெயரை எழுதி முடித்தார்.

"இது எத்தினி வரைக்கும் வரும்மா?"

"அமுக்கற வரைக்கும் வரும்."

எல்லப்பன் அவளைக் கேட்காமலே மறுபடி ஒருமுறை அமுக்கினார். புதிதாக வந்த கட்டத்தில் எழுத்து எழுத்தாக 'ருக்மணி' என்று எழுதினார். அது அவர் மனைவியின் பெயர்.

"ஒரே தோட்டந்தானேண்ணா?"

"வடக்கால இருக்கற பதினாறு மரம் அவ வச்சது. கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனா. அந்தச் சென்னை அம்மாவுக்கு அனுப்புனது அந்த மரத்துப் பழம்."

தனக்கு அது தோன்றவேயில்லையே என்று அருள்செல்வி நினைத்துக்கொண்டாள். அதற்குள் ருக்மணியே பழக்கூடையோடு உள்ளே வந்து, திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எம்பேர யாரு கேட்டாங்க?"

"அந்தக் கட்டம் கேக்குதே," என்றார் எல்லப்பன்.

ருக்மணி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் பெயரை மறுபடியும் எழுத்துக்கூட்டினார்.